பதிமூணுக்குப் பதிமூணு, ஆனா அஞ்சாவது இடம்

ஒரு டீம் சீசன் முழுக்க ஒரு மேட்ச்கூட தோக்கல. பதிமூணு ஆடி பதிமூணும் ஜெயிச்சாச்சு. அந்த வருஷம் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல மேல் டிவிஷன்ல இருந்த 119 டீம்ல, தோல்வியே பார்க்காதது அது ஒண்ணுதான். சீசன் முடிஞ்சதும் பத்திரிகைக்காரங்களோட கடைசி ரேங்கிங் வந்துச்சு.

அஞ்சாவது இடம்!

2006 சீசன்ல பாய்ஸி ஸ்டேட் டீமுக்கு நடந்தது இது. (ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லீங்க. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, ரெண்டு முனையும் கூரா இருக்கிற பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது.) இத்தனை வருஷம் கழிச்சும் அந்த டீமைப் பத்திப் பேச்சு வந்தா, கடைசி மேட்ச்ல கடைசியா வந்த மூணு ஆட்டத்தை மட்டும்தான் பேசுவாங்க. "ட்ரிக் பண்ணி ஜெயிச்சாங்க", "குருட்டு அதிர்ஷ்டம்". இதைக் கேட்டாலே எரிச்சலா வருது. அந்த மூணு ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு முழு சீசன் இருக்கு. அந்த சீசனுக்கு முன்னாடி ரெண்டு வருஷ அவமானம் இருக்கு. அதையெல்லாம் யாரும் சொல்றதே இல்ல.

பாய்ஸி எங்க இருக்குன்னு முதல்ல பார்த்துடலாம். அமெரிக்காவோட வடமேற்குப் பக்கம் ஐடஹோன்னு ஒரு மாநிலம், உருளைக்கிழங்குக்குப் பேர் போனது. அதோட தலைநகரம்தான் பாய்ஸி. அந்தக் காலேஜ் 1932-ல ரெண்டு வருஷப் படிப்புக்கான ஜூனியர் காலேஜாத்தான் ஆரம்பிச்சுது. 1974-லதான் யுனிவர்சிட்டி ஆச்சு. ஃபுட்பால்ல மேல் டிவிஷனுக்கு ஏறினது 1996-ல. அதாவது நம்ம கதை நடக்கிறப்போ பெரியவங்க பந்தியில உட்கார்ந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

ஆனா ஒரு விஷயத்துல ஊர் உலகத்துக்கே அவங்களைத் தெரியும். அவங்க மைதானத்துல புல் நீல நிறம்! 1986-ல ஸ்டேடியத்துக்குச் செயற்கைப் புல் மாத்தறப்போ, அங்க விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கிட்டு இருந்த ஜீன் பிளைமையர் சொன்ன யோசனை அது. செலவு எப்படியும் ஆகப் போகுது, பச்சையை எடுத்துட்டு இன்னொரு பச்சையைப் போட்டா யாருக்குத் தெரியும்னு நீலத்தைப் போட்டுட்டாரு. டிவியில பார்த்தா ஏதோ குளத்துக்கு மேல ஓடற மாதிரி இருக்கும். சின்ன ஊர் காலேஜ் நாலு பேர் கண்ணுல பட இது ரொம்ப நல்ல வழி. ஆனா நீலப் புல்லைப் பார்த்துச் சிரிச்சவங்க, அந்த டீமையும் அதே மாதிரி விளையாட்டாவே எடுத்துக்கிட்டாங்க.

இப்போ அந்த அவமானக் கதை.

2004-ல பாய்ஸி ஸ்டேட் லீக் சீசன்ல ஆடின பதினொண்ணையும் ஜெயிச்சுது. பெரிய பௌல் மேட்ச்சுக்குக் கூப்பிடல. (சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடின டீம்களை ஜோடி சேர்த்து நடத்தற மேட்ச்சுக்குத்தான் பௌல்னு பேர்.) லிபர்ட்டி பௌல்ல லூயிவில் டீமோட மோதி 44-40-னு தோத்தாங்க. கடைசியில குவார்ட்டர்பேக் (பந்தை எறியற ஆள்) ஜாரெட் ஜாபிரான்ஸ்கி எறிஞ்ச பந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் எதிராளி கையில போய் விழுந்துச்சு.

அடுத்த வருஷம் முதல் மேட்ச், ஜார்ஜியாவோட, அவங்க ஊர்லயே. பெரிய டீமை அவங்க வீட்டுக்கே போய் அடிக்கப் போறோம்னு ஐடஹோவே எதிர்பார்த்துக்கிட்டு இருந்துச்சு. முதல் பாதி முடியறதுக்குள்ள ஜாபிரான்ஸ்கி பந்தை ஆறு தடவை எதிராளிக்குக் கொடுத்துட்டாரு. நாலு இன்டர்செப்ஷன் (எறிஞ்ச பந்தை எதிராளி பிடிச்சுக்கிறது), ரெண்டு தடவை கை நழுவல். கடைசி ஸ்கோர் 48-13. நாடு முழுக்க டிவியில பார்த்துது. "நீலப் புல்லைத் தாண்டினா இவங்களால ஒண்ணும் முடியாது"ங்கற பேச்சு அன்னிக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடுச்சு. அடுத்த மேட்ச்ல ஓரிகன் ஸ்டேட்கிட்டயும் 30-27-னு தோல்வி. வருஷக் கடைசியில பாஸ்டன் காலேஜ் அந்த நீலப் புல்லுலயே வந்து 27-21-னு ஜெயிச்சுட்டுப் போச்சு. கோச் டான் ஹாக்கின்ஸ் கொலராடோவுக்குக் கிளம்பிட்டாரு.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் கிறிஸ் பீட்டர்சன். அஞ்சு வருஷமா அதே டீமுக்கு அட்டாக் பக்கம் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருந்தவர். தலைமைக் கோச்சா அவருக்கு இதுதான் முதல் சீசன். ஜாபிரான்ஸ்கியை உட்கார வெச்சுட்டு வேற ஒருத்தரை இறக்கியிருக்கலாம். கேள்வி கேட்க ஆள் இருந்திருக்காது. அவர் அதைச் செய்யல.

2006 ஆகஸ்ட் 31. சாக்ரமெண்டோ ஸ்டேட்டோட 45-0. சரி, அது சின்ன டீம். அடுத்த வாரமே ஓரிகன் ஸ்டேட் பாய்ஸிக்கு வந்துச்சு. இயன் ஜான்சன்னு ரெண்டாவது வருஷப் பையன், பந்தை வாங்கிக்கிட்டு ஓடற ரன்னிங் பேக். அன்னிக்கு ராத்திரி மட்டும் 240 யார்டு ஓடி அஞ்சு டச்டவுன் போட்டாரு! 42-14. இந்த மேட்ச்சைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க. இதே ஓரிகன் ஸ்டேட்தான் அக்டோபர் கடைசியில, அப்போ நாட்டுல மூணாவது இடத்துல இருந்த யூஎஸ்சியை 33-31-னு கவுத்துது. யூஎஸ்சியை ஜெயிச்ச டீமை 28 பாயிண்ட் வித்தியாசத்துல அடிச்ச டீம் இது. இருந்தாலும் "இவங்க யார்கூட ஆடினாங்க?"ங்கற கேள்வி மட்டும் கடைசி வரைக்கும் நிக்கவே இல்ல.

வயோமிங்ல போய் 17-10. ஹவாயோட 41-34 (அந்த ஹவாய் குவார்ட்டர்பேக் கோல்ட் பிரென்னன் அந்த சீசன்ல மட்டும் 58 டச்டவுன் பாஸ் எறிஞ்சாரு, அவ்வளவு முரட்டு டீம்). யூட்டா ஊருக்கே போய் 36-3. அப்புறம் லூசியானா டெக், நியூ மெக்ஸிகோ ஸ்டேட், பக்கத்து ஐடஹோ யுனிவர்சிட்டி, ஃப்ரெஸ்னோ ஸ்டேட். எல்லாமே நல்ல வித்தியாசத்துல.

நவம்பர் 11, சான் ஹோசே ஸ்டேட். இந்த மேட்ச்தான் சீசனோட உயிர்.

அமெரிக்கக் காலேஜ் சீசன் பன்னெண்டே மேட்ச்தான். சின்ன லீக்ல இருக்கிற டீம் ஒண்ணு தோத்தாலும் அந்த வருஷம் அத்தோட போச்சு. பெரிய லீக்காரங்க ஒண்ணு ரெண்டு தோத்துட்டும் மேல வந்துடலாம். சின்னவங்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. அன்னிக்கு பாய்ஸி ஸ்டேட் பின்தங்கித்தான் இருந்துச்சு. நாலாவது கால்பகுதியில எட்டிப் பிடிச்சாங்க. கடைசி விநாடி, ஆண்டனி மாண்ட்கோமரி காலை வெச்சாரு. பந்து ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போச்சு. 23-20.

மேட்ச் முடிஞ்சதும் இயன் ஜான்சனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நுரையீரல்ல ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கிப் போயிருக்குன்னு தெரிஞ்சுது! அடுத்த மேட்ச் அவர் ஆடல. அப்படியும் சீசன் முடியறப்போ அவர் கணக்கு 1,713 யார்டு, 25 டச்டவுன். (களத்துல இப்படி, களத்துக்கு வெளியில குரோஷே ஊசியால கம்பளிக் குல்லா பின்னுவாரு. அதைக்கூட வித்துக் காசாக்க முடியல. அப்போ இருந்த விதிப்படி காலேஜ் ஆட்டக்காரங்க தங்களோட விளையாட்டுப் பேரை வெச்சுச் சம்பாதிக்க முடியாது. ஸ்டேடியத்துல டிக்கெட் காசு, டிவி காசு எல்லாம் குவிஞ்சுது. ஓடறவனுக்கு அப்போ அதுல பங்கு இல்ல.)

கடைசி ரெண்டு மேட்ச்சையும் சுலபமா ஜெயிச்சு 12-0. இப்போ என்ன பண்ணுவாங்க?

அப்போ பிசிஎஸ்னு ஒரு முறை இருந்துச்சு. கோச்சுங்க போடற ஓட்டு, இன்னொரு குழு போடற ஓட்டு, ஆறு கம்ப்யூட்டர் கணக்கு, மூணையும் கலந்து ஒரு பட்டியல். அதுல முதல் ரெண்டு டீமுக்கு மட்டும் சாம்பியன்ஷிப் மேட்ச். ஆறு பெரிய லீக் சாம்பியன்களுக்கு பெரிய பௌல்ல இடம் தானா வந்துடும். மத்த லீக்காரங்க வெளியில நிக்கணும். 2004 சீசன்ல யூட்டா முதல் தடவையா அந்தக் கதவைத் தாண்டி உள்ள போய் பிட்ஸ்பர்க்கை 35-7-னு அடிச்சுது. 2006-லேர்ந்து விதியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. சின்ன லீக் சாம்பியன் பட்டியல்ல முதல் பன்னெண்டுக்குள்ள வந்தா ஒரு இடம் உறுதி. பாய்ஸி ஸ்டேட் எட்டாவது. ஃபியஸ்டா பௌல்ல இடம் கிடைச்சுது. எதிர்ல யாருன்னா, ஏழு தடவை தேசிய சாம்பியனான ஓக்லஹோமா.

2007 ஜனவரி 1. அரிசோனா மாநிலம், கிளெண்டேல். புது ஸ்டேடியத்துல 73,719 பேர்.

ஆட்டம் புரிய நாலு வரி போதும். பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு. எதிராளி எல்லைக்குள்ள பந்தோட போனா டச்டவுன், 6 பாயிண்ட். அதுக்கு மேல உதைச்சா 1 பாயிண்ட், இல்லன்னா இன்னொரு தடவை ஓடியோ எறிஞ்சோ உள்ள போனா 2 பாயிண்ட். உதைச்சா கிட்டத்தட்ட உறுதி. ரெண்டுக்குப் போனா பாதிக்குப் பாதி ஆபத்து.

முதல் பாதி முடியறப்போ 21-10, பாய்ஸி ஸ்டேட் முன்னாடி. மூணாவது கால்பகுதியில மார்ட்டி டேட்மேன் ஒரு இன்டர்செப்ஷன் பிடிச்சு அப்படியே ஓடிப் போய் டச்டவுன். 28-10. உருளைக்கிழங்கு ஊர்ல அந்நேரம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

அப்புறம் எல்லாம் தலைகீழ். ஓக்லஹோமா உதைச்ச பந்து பாய்ஸி ஆள் ஒருத்தர் காலுல பட்டு எகிற, அதை ஓக்லஹோமா அமுக்கிடுச்சு. அந்தப் பக்கம் ஏட்ரியன் பீட்டர்சன்னு ஒருத்தர். (கோச் பீட்டர்சனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பின்னாடி தொழில்முறை லீக்ல பெரிய பேர் எடுத்தவர்.) அக்டோபர்ல காலர் எலும்பு உடைஞ்சு, அன்னிக்குத்தான் திரும்பி வந்திருந்தாரு. கொஞ்சம் கொஞ்சமா ஏறி, கடைசி ஒன்றரை நிமிஷத்துல டச்டவுன் போட்டு, அந்த 2 பாயிண்ட்டையும் மூணு தடவை முயற்சி பண்ணி (நடுவுல ரெண்டு ஃபவுல்) எடுத்துட்டாங்க. 28-28.

அடுத்த ஆட்டமே ஜாபிரான்ஸ்கி எறிஞ்ச பந்தை ஓக்லஹோமாவோட மார்கஸ் வாக்கர் பறிச்சுக்கிட்டு நேரா எல்லைக்குள்ள ஓடிட்டாரு. 35-28. மிச்சம் 1 நிமிஷம் 2 விநாடி.

லிபர்ட்டி பௌல், ஜார்ஜியா, இப்போ இது. அதே மனுஷன், அதே தப்பு, இந்தத் தடவை இன்னும் பெரிய மேடையில. அந்த இடத்துல தலையைத் தொங்கப் போட்டிருந்தா யாரும் குத்தம் சொல்லியிருக்க முடியாது. அவர் களத்துக்குத் திரும்பி வந்து டிரிசன் ஜேம்ஸுக்கு 36 யார்டு பாஸ் எறிஞ்சாரு. அதுக்கப்புறம் ரெண்டு பாஸ் வீண். மூணாவதுல அவரையே பிடிச்சுத் தள்ளிட்டாங்க. 18 விநாடிதான் மிச்சம். மைதானத்துக்கு நட்டநடுவுல நாலாவது வாய்ப்பு, தேவை 18 யார்டு.

ஜேம்ஸ் முன்னாடி ஓடித் திரும்பிப் பந்தைப் பிடிச்சாரு. 15 யார்டுதான், பத்தாது. ஓக்லஹோமா ஆட்கள் அவரைச் சுத்தி வளைக்கிறாங்க. குறுக்கால எதிர்ப்பக்கம் ஓடி வந்த ஜெரார்ட் ராப்கிட்ட பந்தைத் தட்டி விட்டாரு. ராபைத் துரத்த அந்தப் பக்கம் போதுமான ஆள் இல்ல. 35 யார்டு ஓடி எல்லைக்குள்ள பாய்ஞ்சாரு. மிச்சம் ஏழு விநாடி. 35-35!

ஓவர்டைம். காலேஜ் ஆட்டத்துல ரெண்டு டீமுக்கும் 25 யார்டு தூரத்துலேர்ந்து தலா ஒரு வாய்ப்பு. ஓக்லஹோமா முதல்ல. முதல் ஆட்டம், பந்து ஏட்ரியன் கையில, 25 யார்டும் ஒரே ஓட்டம். 42-35.

பாய்ஸி ஸ்டேட் முட்டி மோதி எல்லைப் பக்கம் வந்து, மறுபடியும் நாலாவது வாய்ப்புல நிக்குது. ஜாபிரான்ஸ்கி ஓரமா நகர்ந்து போறாரு. பந்து வின்னி பெரெட்டாங்கற ரிசீவர் கைக்கு நேரா வருது. பந்து பிடிக்க வேண்டிய ஆள் பந்து எறியறாரு! டெரிக் ஷோமன் பிடிச்சாரு. 42-41.

இப்போ உதைச்சா சமன், இன்னொரு ஓவர்டைம். கோச் பீட்டர்சன் ரெண்டுக்குக் கை காட்டிட்டாரு. முதல் வருஷக் கோச், வாழ்க்கையிலயே பெரிய மேட்ச், தப்பினா அதோட முடிஞ்சுது. ஆனா அவர் கணக்கு சரியான கணக்கு. ஏட்ரியனை அவங்களால நிறுத்த முடியலன்னு அப்பதான் பார்த்தாச்சு. பெரிய உடம்புக்காரங்களோட ராத்திரி முழுக்க மோதி ஆட்கள் களைச்சிருந்தாங்க. ஆட்டம் நீண்டா லாபம் ஓக்லஹோமாவுக்கு. முடிக்கிறதா இருந்தா இப்பவே முடிக்கணும்.

வலது பக்கம் மூணு ரிசீவர். ஜாபிரான்ஸ்கி அந்தப் பக்கம் பார்த்து வலது கையை ஓங்கி எறியற மாதிரி வீசினாரு. எல்லாரும் அங்க ஓடினாங்க. அந்தக் கையில பந்தே இல்ல! பந்து இடது கையில, முதுகுக்குப் பின்னாடி. இயன் ஜான்சன் பின்னாலேர்ந்து அதை வாங்கிக்கிட்டு இடது பக்கமா ஓடினாரு. ஒருத்தரும் தொடல. 43-42.

ரெண்டு வருஷமா தப்பான ஆள் கைக்குப் பந்தைக் கொடுத்ததுக்காகத் திட்டு வாங்கினவர், கடைசிப் பந்தைக் கண்ணால பார்க்காமலே சரியான ஆள் கையில வெச்சாரு. இதுக்குப் பேரு அதிர்ஷ்டமா? சுதந்திர தேவி சிலை பேருல இருக்கிற இந்த ஆட்டம் ஃபுட்பால் புத்தகத்துல ரொம்பப் பழசு. பழைய ஆட்டத்தை அந்த நேரத்துல, அந்தக் களைப்புல, கை நடுங்காம ஆடணும்னா அதுக்கு முன்னாடி எத்தனை பயிற்சி வேணும்?

இயன் ஜான்சன் நேரா சியர்லீடர்கள் பக்கம் போனாரு. அவர் காதலிச்ச பொண்ணுதான் அந்தக் குழுவுக்குத் தலைவி. நாடே நேரலையில பார்த்துக்கிட்டு இருக்க, ஒரு முட்டி போட்டு "கல்யாணம் பண்ணிக்கிறியா"ன்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு சரின்னுச்சு. அந்தப் படத்தைப் பார்க்காத அமெரிக்கக்காரங்க குறைவு. அதுக்கப்புறம் நடந்ததைத் தெரிஞ்சவங்கதான் ரொம்பக் குறைவு. அவர் கறுப்பினத்தவர், பொண்ணு வெள்ளையினம். வெறுப்பைக் கக்கிக் கடிதம் வந்துச்சு, மிரட்டி ஃபோன் வந்துச்சு. 2007 ஜூலையில பாய்ஸியில கல்யாணம் நடந்தப்போ பாதுகாப்புக்கு ஆள் போட வேண்டியிருந்துச்சு. ஊருக்கே சந்தோஷத்தைக் கொடுத்தவனுக்கு இது நடந்துச்சு. அந்தக் கதையைச் சொல்றப்போ இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஒரு வாரம் கழிச்சு சாம்பியன்ஷிப் மேட்ச்ல ஃப்ளோரிடா 41-14-னு ஓஹையோ ஸ்டேட்டை அடிச்சுது. அதோட தோல்வியே இல்லாம மிஞ்சினது பாய்ஸி ஸ்டேட் மட்டும்தான். பத்திரிகைக்காரங்க கடைசி ஓட்டுல 65 பேர்ல ஒரே ஒருத்தர்தான் அவங்களுக்கு முதலிடம் கொடுத்தாரு. ஃப்ளோரிடா பெரிய டீம்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு மேட்ச் தோத்த டீம் சாம்பியன், எதையும் தோக்காத டீம் அஞ்சாவதுன்னா, களத்துல ஆடி முடிவு பண்ணல, மேஜையில உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்காங்கன்னுதான் அர்த்தம்.

2009 சீசன்ல பாய்ஸி ஸ்டேட் மறுபடியும் 14-0. அப்பவும் ஃபியஸ்டா பௌல்தான், சாம்பியன்ஷிப் மேட்ச் இல்ல.

பிசிஎஸ் முறையைத் தூக்கிட்டு, 2014 சீசன்லேர்ந்து நாலு டீம் மோதற பிளேஆஃப் வந்துச்சு. 2024-ல பன்னெண்டு டீம் ஆச்சு. அந்த சீசன்ல மொத்தம் 2,601 யார்டு ஓடின ஆஷ்டன் ஜென்டிங்கற ரன்னிங் பேக் பாய்ஸி ஸ்டேட்டை முதல் தடவையா உள்ள கொண்டு போனாரு. காலிறுதி டிசம்பர் 31, ஃபியஸ்டா பௌல், அதே கிளெண்டேல் ஸ்டேடியம். பென் ஸ்டேட் 31, பாய்ஸி ஸ்டேட் 14.

தோத்துட்டாங்க. களத்துல இறங்கி ஆடித் தோத்தாங்க. 2006 டீமுக்கு அந்த மாதிரி ஒரு மேட்ச்சைக் கொடுத்திருக்கணும், கொடுக்கல.